இந்தியாவில் ஒற்றைச் சிப்பாய்

இந்த மாதம் ஒரு நாவலைப் பற்றி எழுதுவதாகப் பத்திரிகாசிரியரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். நாவலைப் படித்தும் முடித்தேன். நானூறு பக்கம், ஆறு பாத்திரங்கள். அந்த ஆறு பேரில் ஒருவருக்காவது இன்னொருவர் மேல் உண்மையான பயமோ உண்மையான நம்பிக்கையோ இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி நாலு பக்கம் எழுதுவது அந்த ஆசிரியருக்கும் நல்லதல்ல, எனக்கும் நல்லதல்ல. ஆகவே, போன ஆடி மாதம் பெரியபாளையத்தில் நான் பார்த்த ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் ஆறு பேர்தான். ஆறு பேருக்கும் முகம் கிடையாது. ஊர், வயது எதுவும் தெரியாது. ஆளுக்கொரு நிறம் மட்டும் உண்டு. ஆனாலும் அந்த நாவலில் நடக்காதது அங்கே நடந்தது.

விளையாட்டைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் என்ன பேச்சு என்று முகம் சுளிக்கிற வாசகர்களுக்காக ஒரு முன்னுதாரணத்தைச் சொல்லி வைக்கிறேன். 1938ல் ஜப்பானில் 'கோ' என்ற பலகை ஆட்டத்தின் மகா குருவாகிய ஹோனின்போ ஷூசாய் தம்முடைய கடைசிப் போட்டியை ஆடினார். எதிரே உட்கார்ந்தவர் இளைஞர் கிடானி மினோரு. ஜூன் மாதம் தொடங்கிய அந்த ஒரே ஆட்டம் டிசம்பரில்தான் முடிந்தது. யசுனாரி கவாபாட்டா என்ற நாவலாசிரியர் கூடவே இருந்து அதைப் பத்திரிகைக்கு எழுதினார். பிற்பாடு, 1951 முதல், அதையே நாவலாகவும் எழுதினார். அவருக்கு 1968ல் நோபல் பரிசு கிடைத்ததெல்லாம் வேறு கதை. கோ ஆட்டமும் நிலம் பிடிக்கிற ஆட்டம்தான். 19 கோடு குறுக்கே, 19 கோடு நெடுக்கே. அவை வெட்டிக்கொள்கிற 361 முனைகளில் கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லுமாக வைத்து, யார் அதிக இடத்தை வளைக்கிறார் என்று பார்ப்பது. கவாபாட்டா என்ன செய்தார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பெரியபாளையம் என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். ஆடி பிறந்துவிட்டால் அந்த ஊர் ஊராக இருப்பதில்லை. பவானியம்மனைப் பார்க்கச் சனிக்கிழமை இரவே ஜனங்கள் வந்து இறங்கிவிடுகிறார்கள். ஆரணியாற்றுப் பக்கமும் தோப்பு நிழலிலும் இடம் பிடித்து, ஒரு வேட்டியை விரித்துவிட்டால் அது ஒரு குடும்பத்தின் ராஜ்யம். மறுநாள் காலையில் வேப்பிலையை ஆடையாகக் கட்டிக்கொண்டு வலம் வந்து, பொங்கலிட்டுச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் கிளம்பிப் போய்விடுகிறார்கள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அடுப்புச் சாம்பலும் வாடின வேப்பிலையும்தான். பிடித்த இடத்தை இவ்வளவு சந்தோஷமாக விட்டுவிட்டுப் போகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஊருக்கு வெளியே வயலாக இருந்த இடங்களில் மஞ்சள் வர்ணமடித்த கல் நட்டு, கொடி கட்டி, மனை பிரித்து விட்டிருக்கிறார்களே, அவர்கள் விஷயம் வேறு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் பம்பைச் சத்தம். என் தங்கை மகன் திண்ணை மூலையில் போனை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு ஷிப்டு வேலை. அன்றைக்கு ராத்திரி ஷிப்டு. பகலில் தூங்க வேண்டியவன்.

"என்னடா, சினிமாவா?"

"இல்ல மாமா, மேட்ச். பைனல். சத்தம் போடாம பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். திரையில் உலகப் படம் ஒன்று, குழந்தைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி வர்ணம் வர்ணமாக இருந்தது. ரிஸ்க் என்று பெயர். கோடிக் கணக்கில் பலகையாக விற்ற ஆட்டம் இப்போது இணையத்தின் வழியாக, முகம் தெரியாதவர்கள் சேர்ந்து ஆடும் பந்தயமாகவும் நடக்கிறது.

இதைக் கற்பனை செய்தவர் யார் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆல்பெர்ட் லாமோரிஸ் என்ற பிரெஞ்சு சினிமாக்காரர். 'சிவப்பு பலூன்' என்று 1956ல் ஒரு சின்னப் படம் எடுத்தாரே, அவரேதான். பாரிஸ் நகரத்துச் சிறுவன் ஒருவன் பின்னால் ஒரு பலூன் நாய்க்குட்டி மாதிரி தொடர்ந்து வரும்; பொல்லாத பையன்கள் துரத்தி அதைக் கல்லால் அடித்துக் கொல்வார்கள். அவ்வளவுதான் கதை. முப்பத்து நாலு நிமிஷம். அந்தப் படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். அதே மனிதர் மறு வருஷம், 1957ல், உலகத்தை ஜெயிப்பது எப்படி என்று ஓர் ஆட்டத்தை வெளியிட்டார். 'உலக வெற்றி' என்பதுதான் பிரெஞ்சில் அதன் பெயர். 1959ல் அமெரிக்காவுக்குப் போய் ரிஸ்க் ஆயிற்று. 1970ல் ஈரானில் படம் பிடிக்கப் போன இடத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் லாமோரிஸ் இறந்து போனார். பலூனை எழுதியவர் இதையும் எழுதினார் என்பது முரண்பாடு என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பலூனை நம்ப வைத்துவிட்டுக் கல்லெறியத் தெரிந்தவர்தானே!

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகத்தை ஆறு கண்டமாகவும் 42 நாடாகவும் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொருவனும் தன் முறை வரும்போது, தனக்குள்ள நாடுகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை சிப்பாய்களைப் பெறுவான். எவ்வளவு நொடித்துப் போனவனுக்கும் மூன்று உண்டு. ஒரு கண்டம் முழுவதையும் பிடித்தால் மேற்கொண்டு உபரி. ஆசியாவுக்கு 7, ஆஸ்திரேலியாவுக்கு 2. சண்டை பகடையால். தாக்குகிறவன் மூன்று பகடை வரை உருட்டலாம், காக்கிறவன் இரண்டு. சமமாக விழுந்தால் காக்கிறவனுக்கே வெற்றி. தன் முறையில் ஒரு நாட்டையாவது பிடித்தவனுக்கு ஒரு சீட்டு. பொருத்தமான மூன்று சீட்டு சேர்ந்தால் அதைக் கொடுத்துச் சிப்பாய் வாங்கலாம். முதலில் கொடுப்பவனுக்கு 4, அடுத்தவனுக்கு 6, பிறகு 8, 10, 12, 15, அதற்கப்புறம் ஐந்தைந்தாக ஏறும். ஒருவனை அடியோடு ஒழித்துவிட்டால் அவன் கையிலிருந்த சீட்டெல்லாம் ஒழித்தவனுக்கு. இந்தக் கடைசி விதியை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது.

சமமாக விழுந்தால் காக்கிறவனுக்கு வெற்றி என்பதால், காப்பதே லாபம் என்று நமக்குத் தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மூன்றுக்கு இரண்டாகப் பகடை உருட்டினால், காக்கிறவன் இருவரை இழப்பது 100க்கு 37 தடவை. தாக்குகிறவன் இருவரை இழப்பது 29 தடவை. மற்றதெல்லாம் ஆளுக்கு ஒருவர். 1997ல் வெளிவந்த ஒரு கணக்கைத் திருத்தி, 2003ல் ஜேசன் ஆஸ்பார்ன் என்ற புள்ளியியல் பேராசிரியர் எழுதினார்: ஐந்துக்கு ஐந்து என்ற அளவிலேயே அனுகூலம் தாக்குகிறவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது, படை பெருகப் பெருக அது இன்னும் அதிகமாகிறது. ஆகவே இந்த ஆட்டத்தில் சும்மா இருப்பவன் தேய்வான். ஆனால் முந்திக்கொண்டு அடிப்பவனும் தேய்வான். ஏனென்றால் இங்கே எதிரி ஒருவன் அல்ல, ஐந்து பேர். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் லாபம் மூன்றாவது ஆளுக்கு.

என் மருமான் நீலம். மற்றவர்கள் பச்சை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை. தொடங்கினதும் மஞ்சளும் வெள்ளையும் தென்னமெரிக்காவுக்காக முட்டி மோதிக்கொண்டார்கள். சிவப்பு வடஅமெரிக்காவை முழுசாகப் பிடித்துச் சுற்றுக்கு 5 உபரி வாங்க ஆரம்பித்தது. கறுப்பு ஐரோப்பாவில் நெருக்கடியில் இருந்தது. பச்சை ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்துகொண்டது. அது பழைய யோசனை. நாலே நாடு, உள்ளே வர ஸயாம் வழியாக ஒரே வாசல், ஒரு வாசலைக் காத்தால் போதும், சுற்றுக்கு இரண்டு சிப்பாய் நிச்சயம். நம் கடற்கரையில் இந்த யோசனையை லாமோரிஸுக்கு முன்னாலேயே ஆடிப் பார்த்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டை கட்டியது 1613ல். ஆங்கிலேயர் சென்னையில் ஒரு துண்டு மணலைக் கேட்டு வாங்கியது 1639ல். மூலையில் ஒரு வாசல், பின்னால் கடல். உள்நாட்டில் சந்தா சாகிபும் முகம்மது அலியும் அடித்துக்கொண்டு ஓய்கிற வரையில் ஒருவர் தோளுக்குப் பின்னால் நிற்பது. 1763ல் நவாபிடமிருந்து செங்கற்பட்டு ஜாகிர், பொன்னேரிப் பக்கத்து ஊர்கள் உள்பட, கம்பெனி கைக்கு வந்தபோது அது ஒரு மூலைக்காரன் வாங்கின முதல் பெரிய உபரி.

என் மருமான் என்ன செய்தான்? ஒன்றும் செய்யவில்லை. ஆப்பிரிக்காவில் கொஞ்சம், மத்திய கிழக்கில் ஒரு பெரிய படை. அவ்வளவுதான்.

"நீ ஏண்டா எதையும் பிடிக்காம இருக்கே? சிவப்பு ஊதிக்கிட்டே போகுது பாரு."

"ஊதட்டும் மாமா. முதல் எடத்துல இருக்கிறவனை அஞ்சு பேரும் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. ரெண்டாவது எடத்துல இருக்கிறவனை யாரும் பார்க்க மாட்டாங்க."

நாவலெழுத்தில் முப்பது வருஷம் கழித்தவனுக்கு இதைத் திண்ணையில் ஒரு பையன் சொல்லித் தர வேண்டியிருந்தது. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரம், 48, 49, 50 என்று அடுத்தடுத்து வைத்திருக்கிறார். போர் என்றால் முதலில் நம் பலம், பிறகு வேளை, அதற்கப்புறந்தான் இடம். காலமறிதலில் பின்னுக்குப் போகிற ஆட்டுக்கடா ஒன்று வருகிறது, கொக்கு ஒன்று வருகிறது. அந்த இரண்டு பிராணிகளும் என் மருமானுக்குக் குருவாக இருக்கத் தகுந்தவை. அவன் அதிகாரத்தைப் படித்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

இனித்தான் ஆட்டம் இலக்கியமாகிற இடம் வருகிறது. நீலத்தின் படை மத்திய கிழக்கில். பச்சையின் படை ஸயாமில். இரண்டுக்கும் நடுவே இந்தியா. லாமோரிஸின் படத்தில் நம் தேசம் ஒரே கட்டம். காசியும் கன்னியாகுமரியும் பெரியபாளையமும் எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள். சீட்டு வேண்டுமென்றால் முறைக்கு ஒரு நாட்டையாவது பிடித்தாக வேண்டும் என்று சொன்னேனல்லவா? மூன்றாம் சுற்றில் நீலம் இந்தியாவைப் பிடித்தது. மூன்று பகடையால் பிடித்தால் மூன்று சிப்பாயை உள்ளே அனுப்ப வேண்டும். அனுப்பினான். முறை முடிகிற சமயத்தில், அந்த மூவரில் இரண்டு பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டு ஒற்றைச் சிப்பாயை மட்டும் இந்தியாவில் விட்டான்.

"எதுக்குடா இது?"

"பச்சைக்கு."

பச்சைக்குப் புரிந்தது. தன் முறையில் அந்த ஒற்றைச் சிப்பாயை வெட்டி இந்தியாவை எடுத்துக்கொண்டு, சீட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டு, அதுவும் ஒருவனை விட்டுவிட்டுப் போயிற்று. மறு சுற்றில் நீலம் அதை வெட்டியது. இப்படியே சுற்றுக்குச் சுற்று. ஒரு வார்த்தை பேச்சில்லை, கையெழுத்தில்லை. முகம் தெரியாத இரண்டு பேர், ஒருவன் பெரியபாளையத்துத் திண்ணையில், இன்னொருவன் பூமியில் எந்த மூலையிலோ, இந்தியாவைக் கை மாற்றிக் கை மாற்றி ஒருவருக்கொருவர் பிழைப்புக் கொடுத்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரிய படையும் ஒன்றை ஒன்று தொடவில்லை. நாலாவது சுற்றில் பச்சை ஸயாமிலிருந்த தன் படையை எடுத்துக்கொண்டு வடக்கே கம்சத்கா வரை போயிற்று. அங்கிருந்து அலாஸ்காவைப் பார்த்து நின்று சிவப்பை மிரட்டுவதற்காக. வீட்டு வாசலான ஸயாமில் விட்டது மூன்றே பேர். நீலத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை!

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். புறப்பொருள் வெண்பாமாலைக்காரர் போரின் ஒவ்வொரு செய்கைக்கும் ஒரு பூச் சூட்டி வைத்திருக்கிறார். பசுவைக் கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, பிறர் மண்ணின் மேல் போனால் வஞ்சி, எதிர்த்தால் காஞ்சி, மதிலைக் காத்தால் நொச்சி, வளைத்தால் உழிஞை, களத்தில் நேருக்கு நேர் தும்பை, ஜெயித்தால் வாகை. எதிரிக்காக ஒற்றை ஆளை விட்டுவிட்டுப் பின்வாங்குவதற்கு அந்தப் பட்டியலில் பூவே இல்லை. ரிஸ்க் விதிப் புத்தகத்திலும் அதற்கு ஒரு வரி கிடையாது. ஆடுகிறவர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்ட காரியம் அது. ஒரு நல்ல நாவலிலும் ஆசிரியன் போட்ட சட்டத்துக்கு வெளியே பாத்திரங்கள் ஏதாவது ஒன்றைத் தாங்களே செய்துகொள்ளும். அந்த இடத்தில்தான் நாம் உயிர் இருக்கிறது என்கிறோம்.

ஏழாவது சுற்று. சிவப்புக்கு அவசரம் பிடித்துவிட்டது. நொந்து கிடந்த வெள்ளையை ஒழித்து அதன் நாலு சீட்டையும் வாங்கிவிடலாம் என்று, வெனிசுலாவைத் தாண்டிப் பிரேசில் வரை வந்தது. வெள்ளைக்கு உலகத்தில் மிச்சமிருந்தது பிரேசிலில் ஒரே ஒரு சிப்பாய். சிவப்பு மூன்று பகடை உருட்டியது, வெள்ளை ஒன்று. வெள்ளைதான் ஜெயித்தது. மூன்றுக்கு ஒன்று என்ற நிலையிலும் தாக்குகிறவன் தோற்பது 100க்கு 34 தடவை நடக்கக்கூடியதுதான். சிவப்பு மேற்கொண்டு தாக்கவில்லை. அடுத்த முறை நீலத்துக்கு.

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். வட ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசிலுக்கு ஒரே தாவு. வெள்ளை ஒழிந்தது. அதன் நாலு சீட்டும் தன்னிடமிருந்த மூன்றும் சேர்ந்து ஏழு. மூன்றைக் கொடுத்து 15 சிப்பாய். அந்தப் பதினைந்து பேரைக் கொண்டு பெரு, அர்ஜெண்டினா என்று மஞ்சளைத் துடைத்தான். மஞ்சளின் மூன்று சீட்டு வந்தது, மறுபடி ஏழு, மறுபடி மூன்றைக் கொடுத்து 20. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இருபதை எங்கே வைப்பது? கறுப்பை அடிக்கலாம், அதனிடம் ஒரு சீட்டுதான். சிவப்பை அடிக்கலாம், அதற்கு ஆள் அதிகம். பச்சையிடம் நாலு சீட்டு. ஸயாமில் மூன்று பேர்.

"டேய், பச்சை நம்ம ஆளுடா!" என்றேன். என்னை அறியாமல் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். உள்ளேயிருந்து தங்கை என்ன என்று கேட்டாள்.

"அதனாலதான் மாமா வாசல் தெறந்திருக்கு."

இருபதையும் மத்திய கிழக்கில் வைத்தான். இந்தியாவில் பச்சையின் ஒற்றைச் சிப்பாய் நின்றான். இத்தனை சுற்றும் அவனை வெட்டின பிறகு இரண்டு பேர் பின்வாங்குவார்கள். இந்தத் தடவை யாரும் பின்வாங்கவில்லை. ஸயாம், இந்தோனேசியா, நியூகினி, இரண்டு ஆஸ்திரேலியா. பிறகு இன்னொரு படை சீனா வழியாக மேலே ஏறிக் கம்சத்காவுக்குப் போயிற்று. அங்கே பச்சையின் படை இன்னும் அலாஸ்காவையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்படித்தான் எனக்குப் பட்டது. நீலத்தின் கடைசி உருட்டுக்கு முன்னால் திரையில் சின்னதாக ஒரு படம் வந்தது. இரண்டு கை தட்டுகிற படம். பச்சை அனுப்பியது.

அதற்கப்புறம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு சீட்டு, மூன்றைக் கொடுத்து 25, இன்னும் மூன்றைக் கொடுத்து 30. ஐம்பத்தைந்து பேரோடு வந்தவனைக் கறுப்பும் சிவப்பும் என்ன செய்ய முடியும்? அடுத்த சுற்றுக்குள் ஆட்டம் முடிந்தது. பரிசு என்ன என்று கேட்டேன். பட்டியலில் பெயர் மேலே போகும் என்றான்.

ஒரு படைப்பாகப் பார்த்தால் ரிஸ்க்கில் குறைகள் நிறைய உண்டு. ஆரம்பம் மோசம். நாடுகள் கண்மூடித்தனமாகப் பங்கிடப்படுகின்றன. யாருக்கும் எந்த மண்ணோடும் பந்தமில்லை. முடிவும் மோசம். நீலம் பச்சையை ஒழித்த கணத்தில் கதை முடிந்துவிட்டது. மீதியெல்லாம் தொடர்கதையில் கல்யாணம் முடிந்த பிறகும் ஆறு வாரம் இழுக்கிறார்களே, அந்த ரகம். சீட்டின் விலை ஏறிக்கொண்டே போகிற விதி எனக்குப் பிடிக்கவே இல்லை. கொலைக்கு வட்டி கொடுக்கிற விதி அது. முதல் கொலைக்குப் பணமில்லாதவன்கூட அந்தக் கொலையின் வட்டியிலேயே இரண்டாவதைச் செய்து முடிக்கலாம். ஆனால் நடுவிலே, இந்தியா கை மாறிக்கொண்டிருந்த அந்த நாலு சுற்று இருக்கிறதே, அதற்காக இந்தக் குறைகளையெல்லாம் மன்னிக்கத் தயாராக இருக்கிறேன்.

சிறு வயதில் நாங்கள் ஆடின ஆடு புலி ஆட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். அதுவும் இடம் பிடிக்கிற ஆட்டந்தான்; கோயில் மண்டபத்துக் கல்லில் யாரோ கீறி வைத்த கோட்டில் ஆடுவோம். 23 புள்ளி, மூன்று புலி, 15 ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டைத் தின்னும். ஆடுகள் ஒருவரையும் கொல்லாமல், இடத்தை நிரப்பி நிரப்பியே புலியை அசையவிடாமல் கட்டிப்போட்டால் ஜெயம். புலி புலி என்று தெரியும், ஆடு ஆடு என்று தெரியும். அந்த ஆட்டத்தில் ஏமாற்றமே கிடையாது; பலம் ஒரு பக்கம், எண்ணிக்கை ஒரு பக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். அதன் நேபாளத்து உறவான பாக்சாலில் நாலு புலி, இருபது ஆடு. அதைக் கணிப்பொறியில் அலசிப் பார்த்து, இருபுறமும் தப்பில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று கண்டிருக்கிறார்கள். வடிவத்தில் அது ஒரு நல்ல சிறுகதை. எனக்கு இன்னும் அதுதான் பிடிக்கும். ஆனால் அங்கே இரண்டே பேர். ஆகவே நம்புவதற்கு ஆள் கிடையாது. ரிஸ்க்கில் மூன்றாவது ஆள் வந்துவிடுகிறான். அவன் வந்த பிறகுதான் இரண்டு பேருக்குள் சிநேகம் என்பது ஏற்படுகிறது. சிநேகம் ஏற்பட்ட பிறகுதான் அதை முறிக்கவும் முடிகிறது.

அது முறித்ததுதானா என்று ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்புமுன் அவனிடம் கேட்டேன்.

"நான் எங்க மாமா சத்தியம் பண்ணேன்? ஒரு வார்த்தைகூடப் பேசலையே. அவனும் அப்படித்தான் நெனச்சிருப்பான். நான் செய்யாட்டா அடுத்த சுத்துல அவன் செஞ்சிருப்பான்."

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பேசாமல் செய்த வாக்கு வாக்காகுமா? பச்சை தன் வாசலை மூன்று பேரிடம் விட்டுவிட்டு வடக்கே போனதைப் பார்த்தால், அது செய்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதுவும் ஒரு தந்திரமாக இருந்திருக்கலாம். தன்னைக் காட்டிலும் சிவப்பை முதலில் கவனி என்று நீலத்துக்குச் சொல்லாமல் சொன்னதாக இருந்திருக்கலாம்.

இப்போது கவாபாட்டாவிடம் வருகிறேன். அந்த 1938 போட்டியில் ஒரு நாள் ஆட்டம் நிற்கிற சமயத்தில், கிடானி தம் அடுத்த வைப்பைக் காகிதத்தில் எழுதி உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்தார். வழக்கமே அதுதான், மறுநாள் எதிராளி இரவெல்லாம் யோசித்துவிட்டு வரக் கூடாது என்பதற்காக. உறையைப் பிரித்தபோது, கறுப்பின் 121வது கல் பலகையில் யாரும் எதிர்பார்க்காத ஒரு மூலையில் இருந்தது. நெருக்கடியான சண்டை வேறு இடத்தில் நடந்துகொண்டிருக்க, இது யோசிக்க நேரம் சம்பாதிக்கிற தந்திரம் என்று பெரியவருக்குத் தோன்றிவிட்டது. விதிப்படி அதில் ஒரு தவறும் கிடையாது. ஆனாலும் ஆட்டமே அசிங்கப்பட்டுப் போயிற்று என்று அவர் மனம் கசந்தார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம், 130வது கல்லில், அவரே தவறு செய்தார். ஐந்து புள்ளியில் தோற்றார். 1940ல் இறந்தும் போனார். அந்த ஒற்றைக் கல்லை வைத்துக்கொண்டு கவாபாட்டா ஒரு காலத்தின் சாவையே எழுதிவிட்டார். கிடானியைக் கெட்டவன் என்று அவர் சொல்லவில்லை. இளைஞனுக்கு அது வெறும் ஆட்டம், கிழவருக்கு அது வாழ்க்கை. இரண்டு பேரையும் அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். இருமலைக் கேட்டார், விரல் நடுங்கியதைப் பார்த்தார், கடைசியில் குருவின் இறந்த முகத்தைப் புகைப்படம்கூட எடுத்தார்.

எனக்குக் கிடைத்ததோ இரண்டு கை தட்டுகிற பொம்மைப் படம். 'பிரமாதமாக ஆடினாய்' என்பதா? 'நன்றாயிருக்கிறது உன் நியாயம்' என்பதா? தோற்பவர்கள் எல்லோரும் வழக்கமாக அழுத்துகிற பொத்தானா? மருமானைக் கேட்டால் மூன்றாவது என்கிறான். கவாபாட்டா என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. நான் அந்தப் பச்சைக்காரனுக்கு ஒரு வயது கொடுத்துப் பார்த்தேன், ஓர் அறை கொடுத்துப் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே பனி பெய்ய விட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு சமயம் அவன் பதினாலு வயதுப் பையனாகத் தெரிந்தான், ஒரு சமயம் பேத்தியைத் தூங்க வைத்துவிட்டு வந்த பாட்டியாகத் தெரிந்தான். கைதட்டின விதம் மட்டும் இரண்டிலும் வேறுவேறாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பெரியபாளையத்தில்தான் இருந்தேன். வேறொரு பந்தயத்தின் முதல் சுற்று. ஆறு பேர், ஆறு நிறம். இந்தத் தடவை அவன் கறுப்பு. மூன்றாம் சுற்றில் தூரத்திலிருந்த ஊதாநிறக்காரன் இந்தியாவைப் பிடித்தான். மூன்று சிப்பாயை உள்ளே அனுப்பினான். பிறகு இரண்டு பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டான்.

பையன் விரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"என்ன மாமா பண்ணட்டும்?"

கடிகாரத்தில் பதினைந்து வினாடி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இந்தியாவில் அந்த ஒற்றைச் சிப்பாய் அப்படியே நின்றான்.